புருவத்தால் வந்த புகார்

பிரிஸ்பேன்

அன்புள்ள மலியாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? எழுதப்போவது:
1. நான் நலம்.
2. அரங்கில் ஒரு புகார்.
3. நம் ஊர்க் கோகோக் கட்டி வேண்டும்.

இந்த அரங்கில் புகார் விசாரிக்கும் வேலையில் சோர்ந்துவிட்டேன். "என் இருக்கை இதுவா?" என்று கேட்ட அம்மாளிடம், வாயிலில் நிற்கும் நம் சமோவாப் பெண் லோசா பேசாமல் புருவத்தை உயர்த்தினாளாம். திமிர் என்று புகார். வேலையே போயிருக்கும்.

"எங்க ஊர்ல அதுக்கு ஆமான்னு அர்த்தம், சார்" என்றேன் மேலாளரிடம்.

"நெஜமாவா, பெரியவரே?"

என்னையறியாமல் புருவத்தை உயர்த்தினேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்க!"

"பாத்தீங்களா சார், இவருக்கும் அதே திமிரு!" என்றாள் பக்கத்தில் நின்ற லோசா. மேலாளர் சிரித்துவிட்டார், புகாரைத் தள்ளிவிட்டார்.

கோகோவில் அவளுக்கும் ஒரு கட்டி சேர்த்து அனுப்பு. நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பேருந்து வந்துவிட்டது. அறைக்குப் போனால் புருவத்தை உயர்த்திக் காட்டக்கூட ஆளில்லை. முதலாவதாக எழுதியது தவறு, மலியா.

உன்
தாவிதா