முடிச்சுப் போடாத ரேந்தை

மகளின் அம்மாவுக்கு,

"கடையில விக்கிற ரேந்தைக்கு என்ன குறை?" என்று கேட்டது நான்தான். நீ சட்டை ஓரத்துக்குப் பின்னின பாதி நூல்பின்னலை எறிந்துவிட்டுப் பிள்ளையோடு இலுப்பைக்கடவைக்கு, உன்ர அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். "மோட்டருக்குக் கம்பி சுத்திற ஆளுக்கு நூல் விளங்குமோ?" என்றும் கேட்டாய்.

விளங்கிவிட்டது. மகளின் ஞானஸ்நானச் சட்டைக்கு மிச்ச ரேந்தையை நானே பின்னினேன். தலைமயிர் மாதிரி நூல். மூன்று தரம் பிரித்தேன்.

நீ பின்னின ஏழாவது வரிசையில் ஒரு பின்னல் கண் குறைவு. அதை நான் பிரிக்கேல்லை. என்ர வரிசைகளையும் அதற்கேற்ற மாதிரிக் குறைத்துத்தான் பின்னினேன்.

ஞாயிறு ஞானஸ்நானத்துக்கு நான் வரத் தேவையில்லை என்று மாமி சொல்லியனுப்பினவா. வாறன். கதவைச் சாத்தினால் வாசலில் நிற்பேன்.

கடைசிக் கண்ணில் முடிச்சுப் போடாமல் ஒரு ஊக்கு, சேப்ரிப் பின்தான் குத்தியிருக்கிறேன். கழன்றால் முழுதும் பிரிந்துவிடும். அந்த முடிச்சை நீ போடு.

இப்பவும் உன்ர மனுசன்