பதினேழாம் எண் கல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டைக் காலி செய்ய வேண்டாம். கட்டிவைத்த பெட்டிகளை அம்மாவைப் பிரிக்கச் சொல்லுங்கள். பம்ப் ஹவுஸ், மூன்று கிணறுகள், நம் குவார்ட்டர்ஸ் எதுவும் குத்தகையில் இல்லை. அரசு நிலத்தை நிலக்கரி எடுக்கக் குத்தகைக்கு விடும் மசோதா நேற்றுச் சபையில் நிறைவேறியது, திருத்திய நில அட்டவணையோடு.

திருத்த வேண்டி வந்தது என்னால்தான். குத்தகை நிலத்தின் எல்லைக்கோட்டை வரைந்தவன் நான். பழைய பதிவேட்டில் எல்லா அளவுகளும் பதினேழாம் எண் எல்லைக் கல்லில் தொடங்குகின்றன. அந்தக் கல் இப்போது நிற்கும் இடத்தைக் கருவியில் குறித்துக்கொண்டு படத்தைப் போட்டுவிட்டேன். சாலையை அகலப்படுத்தியபோது அதைப் பிடுங்கி, அதே எண்ணோடு, இருநூறு மீட்டர் தள்ளி உங்கள் பம்ப் ஹவுஸ் வேலியோரம் நட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் என் கோடு கிணறுகளையும் குவார்ட்டர்ஸையும் குத்தகைக்குள் இழுத்துவிட்டது. கல் நகர்ந்ததை நீங்கள் போனில் சொன்னீர்கள். நான் கேட்டால்தானே. நீங்கள் பம்பைப் பாருங்கள், படத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மறுநாள் சாலைப் பணிக் கோப்பைத் தேடி எடுத்தேன். நீங்கள் சொன்னது தப்பு என்று காட்டத்தான் எடுத்தேன், மறைப்பானேன். நான்காம் பக்கத்திலேயே கல்லை நகர்த்திய உத்தரவு இருந்தது.

எங்கள் பிரிவு அதிகாரி, முதலில் மசோதா நிறைவேறட்டும், அப்புறம் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டிக்கொள்ளலாம், நீ ஏன் குதிக்கிறாய் என்றார். சட்டப் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். அவரிடம் கேட்டேன். சீட்டா, இதென்ன ரேஷன் கார்டா, அட்டவணையில் ஏறிவிட்டால் இன்னொரு சட்டம் போட்டுத்தான் இறக்க முடியும், அதற்குள் உன் கிணற்றில் புல்டோசர் நிற்கும் என்றார். அவர்தான் என்னை மசோதாவை ஆராயும் சபைக் குழுவின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். தப்பு என்னுடையது, இந்தக் கோட்டின்படி போனால் ஒரு ஊருக்கே குடிதண்ணீர் இருக்காது என்றேன். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தம்பி, இந்த அறையில் தப்பை ஒத்துக்கொண்ட முதல் ஆள் நீதான், தயவுசெய்து அரசியலுக்கு மட்டும் வந்துவிடாதே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்த நான்காம் பக்கத்தை அவர் முன் வைத்தேன்.

சாலைக்கு அந்தப் பக்கத்து மேட்டைத் தோண்டத்தான் போகிறார்கள். அதை நான் தடுக்கவில்லை, தடுக்கிற இடத்திலும் இல்லை. தூசி வரும். கிணறுகளுக்கு மூடி போடச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. பதில் எழுதிவிட்டேன், வேலை போகாது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம். மூன்று வாரமாக நீங்கள் போனை எடுக்காததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எல்லையை நேரில் அளந்து புதுக் கல் நட உத்தரவாகியிருக்கிறது. திங்கட்கிழமை காலை வருகிறேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம், அங்கே எனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அன்று மட்டும் ஷிப்ட் மாற்றிக்கொள்ளுங்கள் அப்பா. பழைய கல் எங்கே இருந்தது என்று நீங்கள் காட்டுங்கள். நான் வாயைத் திறக்காமல் குறித்துக்கொள்கிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சின்னவன்