பிற்பகல் இரண்டு மணித் தண்ணீர்

அனுப்புநர்:
அ. வெனிலா, பி.எஸ்சி. (வேதியியல்),
தரப் பரிசோதகர், நீர்முத்து கெமிக்கல்ஸ், திண்டிவனம்.
வீடு: மாதா கோவில் தெரு, விழுப்புரம்.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரம், விழுப்புரம்.

பொருள்: அவசரக் கண் கழுவும் குழாய்க்கும் ஷவருக்கும் வெயில் தாக்காத தனி நீர் இணைப்பு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 12.05.2025 அன்று பிற்பகல் 2.10 மணிக்கு, எங்கள் தொழிற்சாலையில் காஸ்டிக் சோடா குழாய் கழன்று, கெடாரைச் சேர்ந்த தொழிலாளி கிருஷ்ணவேணியின் (வயது 22) கண்களில் அந்தக் கரைசல் தெறித்தது. நான்தான் அவளைக் கண் கழுவும் குழாய்க்கு இழுத்துப் போனேன். பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும். ஆனால் அதற்குத் தண்ணீர் வருவது மொட்டை மாடி வெயிலிலுள்ள கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து. தலையைப் பிடித்து அழுத்தினேன். "அக்கா, தண்ணி கொதிக்குதுக்கா, வுட்டுடுக்கா" என்றாள். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. விட்டுவிட்டேன். குடிநீர் கேன் வந்து சேர எட்டு நிமிடம் ஆயிற்று. இப்போது அவளுக்கு வலது கண்ணில் வெளிச்சம் மட்டுமே தெரிகிறது.

2. திங்கட்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு அக்குழாயைத் திறந்து பார்த்து, 'நீர் நன்று' என அட்டையில் கையெழுத்திட்டவள் நான். காலையில் குளிர்ந்தே இருக்கும். விபத்து நடந்ததும் திங்கள்தான். அன்று காலையும் கையெழுத்திட்டேன். வீட்டில் என் ஒன்றரை வயது மகனுக்கு, முழங்கை வைத்துச் சூடு பார்க்காமல் ஒரு சொம்பு ஊற்றியதில்லை. இந்தத் தண்ணீரை மதியத்தில் ஒரு நாளும் தொட்டதில்லை. நிர்வாகம் இன்று அந்த அட்டையைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறது. இந்த மனுவை இருபத்தெட்டு நாள் எழுதாமல் இருந்ததற்கு இந்தப் பயமே காரணம்.

3. தொழிற்சாலை வேனில் என் பக்கத்து சீட்டு கிருஷ்ணவேணியுடையது. அதில் இப்போது யாரும் உட்காருவதில்லை. சாப்பாட்டு நேரத்தில், "கையெழுத்து மேடம் வர்றாங்க, நவுருங்க" என்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. ஓசூரில் வேலை பார்க்கும் என் கணவர் வேலையை விட்டுவிடச் சொல்கிறார். விட்டால் வேறொருவர் காலையில் கையெழுத்திடுவார். தண்ணீர் அப்படியே இருக்கும். இன்றும் திங்கள். அட்டையில் நான் கையெழுத்திடவில்லை.

4. ஆகவே, நிலத்தடித் தொட்டியிலிருந்து தனிக் குழாய் இழுத்து, வெயில் படாமல் மூடி, பதினைந்து நிமிடமும் கண் தாங்கும் சூட்டில் சுத்தமான நீர் குறையாமல் வர உத்தரவிட வேண்டுகிறேன். என் மீது நடவடிக்கை வேண்டுமெனில் அதற்கும் உட்படுகிறேன்.

5. ஆய்வுக்கு வருபவர்கள் தயவுசெய்து காலையில் வர வேண்டாம். முன்கூட்டிச் சொல்லாமல், பிற்பகல் இரண்டு மணிக்கு வந்து, குழாயைத் திறந்து, முழங்கையை வைத்துப் பாருங்கள். எந்த நாளானாலும் நான் அங்கே இருப்பேன்.

இடம்: விழுப்புரம்
நாள்: 09.06.2025

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) அ. வெனிலா