பட்டறைக் கதவில் நமெலே ஓலை

அன்பு மகள் லெய்மாராவுக்கு,

அப்பா எழுதுவது. கடல் தாண்டி நீ வேலை செய்யும் பண்டபெர்க்கில் குளிர் தொடங்கிவிட்டதாகச் சொன்னாய். நீயும் உன்னோடு தங்கியிருக்கும் பெண்களும் நலமாயிருக்க வேண்டுமென்பது எங்கள் காலை ஜெபத்தில் ஒருநாளும் விடுபடுவதில்லை. இங்கே அம்மா, தம்பி, நான் மூவரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். இதை முதலிலேயே எழுதக் காரணம், மேலே படிக்கும்போது உனக்கு நெஞ்சு பதறும் என்பதுதான். யாரோ முகநூலில் பாதிக் கதை சொல்லி நீ அறிவதைவிட முழுவதையும் என்னிடமிருந்து அறிவதே முறை. நாளை விமானத்தில் அங்கே வரும் நம் ஊர் ரூத் இக்கடிதத்தை உன்னிடம் சேர்ப்பாள்.

பயிற்சி மையப் பட்டறையில் முதல் திருட்டுக்குப் பின் பூட்டை மாற்றினேன், சன்னலுக்குக் கம்பி அடித்தேன், ஒவ்வொரு கருவியிலும் மையத்தின் பெயரைப் பொறித்தேன். அப்படியும் சென்ற மாதம் ஒரு ஸ்பேனர் பெட்டி முழுவதும் போயிற்று. பூட்டு உடையவில்லை, ஆகவே எடுத்தவர் நம்மவர். ஊரிலோ, வெளித் தீவுகளிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் மாணவர்களைப் பார்த்து, "டேய், என் செருப்பையாவது விட்டுட்டுப் போங்கடா" என்று கேலி பேசத் தொடங்கிவிட்டார்கள். எனவே முறைப்படி பின்னிய பாயும் ஒரு பன்றியும் காணிக்கையாக வைத்து ஊர்த் தலைவரை வேண்டினேன். அவர் கதவில், மீறக்கூடாத தடைக்கு அடையாளமான நமெலே ஓலையைக் கட்டி, போனது திரும்பும்வரை, தாம் வந்து அவிழ்க்கும்வரை, எவரும் உள்ளே போகக்கூடாது என்று தடை விதித்தார். உன் மாமா எப்ராயிம் மட்டும், "மச்சான், இப்ப நீயும்ல உள்ள போக முடியாது, யோசிச்சியா?" என்று சிரித்தார். விதி எனக்கும் சேர்த்துத்தான் என்றேன்.

சென்ற புதன்கிழமை மாலை, பெலே தீவில் மாதர் கூட்டம் முடித்துத் திரும்பும் வழியில் அம்மா வந்த படகின் இயந்திரம் நின்றுவிட்டது. "நீரோட்டம் வெளிய இழுக்குது, பவளப்பாறையத் தாண்டிட்டோம், சீக்கிரம் யாரையாவது அனுப்புங்க" என்று கைபேசியில் சொன்னாள். பின்னர் அந்தத் தொடர்பும் அறுந்தது. காற்று ஏறிக்கொண்டிருந்தது. நம் ஊர்ப் படகுகளெல்லாம் எமாய் தீவுத் துக்க வீட்டுக்குத் தலைவரோடு போயிருந்தன. அவருடைய கைபேசிக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. கரையில் எஞ்சியது எப்ராயிம் மாமாவின் படகு ஒன்றுதான், அதன் இயந்திரமோ பழுதாகி, பாதி கழற்றிய நிலையில் கிடந்தது. மாட்ட ஸ்பேனர் வேண்டும். ஊரில் எவரிடமும் சொந்தமாகக் கிடையாது. எல்லாரும் மையத்தில் கையெழுத்திட்டு வாங்கியே பழகியவர்கள். திருடுபோகாமல் மீதமிருந்த ஸ்பேனர்கள் அனைத்தும் அந்த ஓலைக்குப் பின்னால்.

நான் வேண்டிக் கட்டவைத்த ஓலையை நானே அறுத்தால் இனி இவ்வூரில் எந்த ஓலைக்கும் மதிப்பிராது என்பதை அறிந்தே கதவை நோக்கி நடந்தேன். படியேறி ஓலைக்குக் கை நீட்டும்போது பின்னாலிருந்து, "மச்சான், கைய இறக்கு! ஓலையத் தொடாத!" என்று ஒரு கத்தல். எப்ராயிம் மாமா மூச்சிரைக்க நின்றார். கையில் நம் மையத்திலிருந்து காணாமல்போன ஸ்பேனர் பெட்டி. கூடியிருந்த பெண்களும் அதைக் கண்டார்கள். "அப்புறமா என்னத் திட்டிக்க. இப்ப விளக்கப் பிடி" என்றார். நான் பிடித்தேன், அவர் மாட்டினார். கடலுக்கும் அவரே போனார். அம்மாவையும் மற்றவர்களையும் அவர் கரை சேர்த்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

பின்னர் காரணம் கேட்டேன். "காசுக்குச் செய்யுற வெளி வேலைக்குத் தர மாட்டேன்னு நீதான சொன்ன? மாத்துச் சாவி உன் வீட்டு ஆணியிலதான தொங்குது" என்றார். அது விளக்கமே தவிர நியாயமாகாது என்றேன். தலைவர் சனிக்கிழமை திரும்புகிறார். "கரையில கிடந்துச்சுன்னு சொல்லிடு, பொம்பளைங்க வாயத் திறக்க மாட்டாங்க" என்று மாமா கேட்கிறார். அம்மாவோ, "என்னக் கடல்லேருந்து கொண்டு வந்தவன ஊர்ச் சபையில நிறுத்தப் போறியா?" என்று கேட்டுவிட்டு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஆனால் நான் பொய் சொன்னால் திருட்டுப் பெயர் அந்த மாணவர்கள்மேலேயே நிலைத்துவிடும். ஆகவே உண்மையைத்தான் சொல்வேன். அபராதப் பன்றி என் தொழுவத்திலிருந்து போகும், சபையில் அவர் நிற்கும் பாயில் நானும் நிற்பேன். இதை அவரிடம் சொன்னேன். எழுந்து போனவர் இன்னும் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் கம்பளிச் சட்டை வாங்கு, அறைச் சாவியைப் பொதுவில் தொங்கவிடாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. ஒன்றை மட்டும் மறவாதே: சனிக்கிழமைக்கு முன் மாமாவை அழைத்துப் பேசு. கருவிகளைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்ததற்கு நன்றி சொல். நான் இன்னும் சொல்லவில்லை.

என்றும் உன் நலம் நாடும் தந்தை,
கல்சோங்