வேப்பிலை கட்டிய வீட்டில் மாத்திரை

12-4-1975, சனி

ஒன்பது வயது செல்விக்குப் போன வருஷம் வேலூரில் அவள் அம்மா காமாட்சியின் ஒரு கிட்னியை எடுத்து வைத்தார்கள். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரையாலேயே எந்தத் தொற்றையும் தாங்கத் தெம்பு இருக்காது. அதனால் சனிக்கிழமைதோறும் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸான நான் போய் ஜுரம் பார்ப்பேன்.

இன்று வாசலில் வேப்பிலை.

"செல்விக்கு அம்மா வந்திருக்குது சிஸ்டர். உள்ள வராதீங்க," என்றாள் காமாட்சி. "மூணு நாளா மாத்திரை குடுக்கல. அம்மா இருக்கிற வூட்ல மருந்து கூடாதே."

என் மேல்தான் கோபம் வந்தது. கொப்புளம் வருதா பார் என்று வாராவாரம் சொன்னவள், அம்மை போட்டாலும் மாத்திரையை நீயாக நிறுத்தாதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான்.

டாக்டரைக் கேட்டுவிட்டு வந்தேன். கால் கழுவி உள்ளே போய், அவர் கொடுக்கச் சொன்ன மாத்திரையை மஞ்சள் தடவின தட்டில் அம்மன் படத்தடியில் வைத்தேன். "அவளே குடுக்கிறதா நினைச்சுக் குடும்மா."

கொடுத்தாள். சாயங்காலம் இருவரையும் வேனில் வேலூருக்கு அனுப்பினோம். ஏறும்போது காமாட்சி என் கையைப் பிடித்தாள்.

"நான் குடுத்த கிட்னி கெட்டுப்போயிருந்தா, எங்கிட்ட இன்னொண்ணு இருக்குதே சிஸ்டர். அதை எடுத்துக்குவாங்களா?"

அவளைச் செல்வி பக்கத்தில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன்.