துரை பங்களாவில் கிடந்த போர்க்களப் படம்

1944 மார்ச் 7, செவ்வாய்.

ஜப்பான்காரன் வந்ததும் ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலிருந்து கங்காணி அந்தோணி ஒரு பழைய படம் எடுத்து வந்தார். மொட்டைப் புல்மேடு, குறுக்கே நீளநீளமாய்ப் பள்ளங்கள்.

“நல்லா கான் வெட்டியிருக்காங்க டீச்சரம்மா. தேயிலையைத்தான் காணோம்லா.”

மழைத்தண்ணீர் ஓடும் கான் இல்லை, போன யுத்தத்தில் சிப்பாய்கள் பதுங்கிச் செத்த குழி என்று அடியில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன்.

“இம்புட்டுப் பேரு செத்தும் புல்லு வந்துருச்சே.”

நாளை மேட்டுத் தேயிலையை வேரோடு பிடுங்கி மரவள்ளி நட வேண்டுமாம், ஜப்பான்காரன் உத்தரவு. அவை என் வீட்டுக்காரர் நட்ட செடிகள். அவரைச் சயாமில் ரயில்பாதை போடப் பிடித்துப் போய்விட்டார்கள்.

பிடுங்க மாட்டேன். தரையோடு வெட்டி, மண்ணைத் தள்ளி மூடி, இடையில் மரவள்ளி ஊன்றுவோம். அந்தோணியும் சரியென்றார். வேர் இருந்தால் என் வீட்டுக்காரர் வருவதற்குள் துளிர்த்துவிடும்.

செடி வெட்டும் கவாத்துக் கத்தியைத் தீட்டிவிட்டேன்.