அம்மாவுக்கு அந்த ஊசி வேண்டாம்

அன்புள்ள நைனாவுக்கு, கொரியாவிலிருந்து சில்வியா எழுதுவது. உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று ஃபோனில், "நீ ஆராய்ச்சி பண்ற ஊசி நம்ம கல்மண்டபத்துலயே கீதாம், சில்வியா. உங்கம்மாவுக்குப் போட்டா கேன்சர் கரைஞ்சிடும்னு ஒர்த்தன் சொல்றான்" என்றீர்கள்.

வேண்டாம் நைனா. ஸ்டெம் செல்கள் வெளிவிடும் நுண்ணிய குமிழ்கள்தான் எக்ஸோசோம். அவற்றில் மருந்தை ஏற்றிப் புற்றுக்கட்டிக்கு அனுப்பிப் பார்க்கிறோம், அதுவும் எலிகளில் மட்டும். போன வாரம் ஏழு எலிகளுக்குக் கட்டி சுருங்கியது, ஐந்துக்கு வளர்ந்துவிட்டது. காரணம் எங்களுக்கே தெரியவில்லை.

இருந்தும் மனசு கேட்காமல் இன்று காலை பேராசிரியரிடம், "உங்கள் அம்மாவாக இருந்தால் இதைப் போடுவீர்களா?" என்று கேட்டேன். "மாட்டேன்" என்றார். கொஞ்சம் அழுகை வந்தது, பயப்படாதீர்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்த ஐந்து எலிகளுக்கு ஏன் பலிக்கவில்லை என்று பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து எனக்கு அனுப்பும் பார்சலில் அம்மாவின் பழைய நைட்டி ஒன்றை வையுங்கள், குளிருக்கு உள்ளே போட்டுக்கொள்ள. துவைக்க வேண்டாம்.

ஆய்வகத்தில் கூப்பிடுகிறார்கள். இந்த மருந்து மனிதர்களுக்கு வர வருடங்கள் ஆகும். அதுவரை அம்மா இருக்க வேண்டும். திங்கட்கிழமை கீமோவுக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

உங்கள் மகள்,
சில்வியா